தடுப்பூசிப் பரிசோதனைக்கு ஊரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி: களத்தில் இறங்குவோருக்கான வழிகாட்டி

கானா நாட்டின் ஹோஹோ நகரில் நடைபெறவிருந்த எபோலா தடுப்பூசிப் பரிசோதனை, 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொதுமக்களின் எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இருந்தது. தாள்களில் குறையொன்றும் இல்லை. ஆனால், எபோலா நோயாளி ஒருவர்கூட இல்லாத நாட்டில் எபோலா ஊசியை எதற்காக எங்களிடம் சோதிக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது, ஊசியாலேயே நோய் வந்துவிடும் என்ற அச்சம் விடையைவிட வேகமாகப் பரவியது, நாடாளுமன்றம் தலையிட்டது, சுகாதார அமைச்சகம் பரிசோதனையை நிறுத்திவைத்தது. அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை இல்லாமல் இல்லை. தொடக்கக் கட்டங்களில் பார்க்கப்படுவது ஊசி பாதுகாப்பானதா, உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகிறதா என்பதுதான். அதற்கு ஆரோக்கியமானவர்களே போதும். நோய் பரவிக்கொண்டிருக்கும் ஊர் தேவையில்லை. ஊசியில் எபோலாவை உண்டாக்கக்கூடிய முழுக் கிருமியும் இல்லை. இவற்றை எதிர்ப்பு கிளம்புவதற்கு முன் சொன்னால் அது விளக்கம். கிளம்பிய பின் சொன்னால் அது வெறும் சமாதானமாகவே கேட்பவர் காதில் விழும்.

பரிசோதனை நடத்தும் நிறுவனங்களின் ஒருங்கிணைப்பாளர்கள், செவிலியர்கள், வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளர்கள், ஊரின் தரப்பில் நின்று கேள்வி கேட்கும் தொண்டு அமைப்பினர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதன் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'வேண்டாம்' என்று சொல்வதற்கு உண்மையான இடம் இருக்கிறது என்று மக்கள் கண்ணால் கண்ட பிறகுதான் அவர்கள் தரும் சம்மதத்துக்கு எடை உண்டாகிறது. எப்படியாவது ஆள் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவருக்கு இதில் பயன்படக்கூடியது குறைவு.

ஊரின் நினைவில் இருப்பதை முதலில் கேளுங்கள்

பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, அந்த ஊர் மருத்துவ ஆய்வுகளோடும் மருத்துவமனைகளோடும் கொண்டிருந்த பழைய உறவைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு முன் இங்கே யார் வந்து இரத்தம் எடுத்தார்கள், எதற்கென்று சொன்னார்கள், முடிவு திரும்ப வந்ததா, யாருக்காவது உடல்நலம் கெட்டதா, கெட்டபோது யார் வந்து பார்த்தார்கள் என்று முதியவர்களிடமும் கிராமச் செவிலியரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் ஆற அமரக் கேளுங்கள். கேட்பதை எழுதிக்கொள்ளுங்கள், மறுக்காதீர்கள். பழைய குறை ஒன்றை ஒருவர் சொல்லும்போதே 'அது நாங்கள் இல்லை, வேறு நிறுவனம்' என்று குறுக்கிடுவது, அடுத்த குறையை அவர் சொல்லாமல் செய்வதற்கான சுலபமான வழி.

நினைவுகள் ஒரு மருந்தோடும் ஒரு நிறுவனத்தோடும் நின்றுவிடுவதில்லை. நைஜீரியாவின் கானோ நகரில் 1996ஆம் ஆண்டு மூளையுறை அழற்சி கொள்ளைநோயாகப் பரவியபோது, பன்னாட்டு மருந்து நிறுவனம் ஒன்று 200 குழந்தைகளை உட்படுத்தி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒன்றைச் சோதித்தது. அவர்களில் 11 குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோரிடம் முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2003ஆம் ஆண்டு அதே கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது. அதற்கான காரணங்களுள் ஒன்றாக அந்தப் பழைய பரிசோதனையின் நினைவும் பேசப்பட்டது. நைஜீரியாவிலிருந்து போலியோக் கிருமி ஏற்கெனவே அதை ஒழித்திருந்த பல நாடுகளுக்குத் திரும்பிச் சென்றது. மருந்து வேறு, நோய் வேறு, நடத்தியவர்கள் வேறு. ஊசியோடும் மருந்தோடும் வெளியிலிருந்து வருகிறவர்கள் என்ற ஒற்றுமை மட்டும் போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்ததும் அப்படியே. கிரந்தி (சிஃபிலிஸ்) நோய் கொண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை அளிப்பதாகச் சொல்லி, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், கொரோனா தடுப்பூசி ஆய்வுகளுக்கு ஆள் சேர்க்கச் சென்றவர்களிடம் அந்த ஊரின் பெயரைச் சொல்லியே பலர் கேள்வி கேட்டார்கள். 2020 ஏப்ரலில் பிரெஞ்சுத் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் ஒரு மருத்துவரும் ஓர் ஆய்வாளரும் கொரோனாவுக்கான ஆய்வை ஆப்பிரிக்காவில் செய்து பார்க்கலாமே என்ற பொருளில் பேசியதை உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாகக் கண்டிக்க நேர்ந்தது. எங்கோ ஒரு படப்பிடிப்பு அரங்கில் பேசிய பேச்சுக்கு, எங்கோ ஒரு கிராமத்தில் நிற்கும் களப்பணியாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நியாயமா என்று கேட்டுப் பயனில்லை. பதிலோடு போக வேண்டும்.

தலைவரின் அனுமதி வேறு, ஒருவரின் சம்மதம் வேறு

ஊர்த்தலைவர், உள்ளாட்சி உறுப்பினர், மதத் தலைவர்கள் ஆகியோரைச் சந்திப்பது மரியாதை, அது தேவையும்கூட. ஆனால் அவர்கள் தருவது ஊருக்குள் வந்து பேசுவதற்கான அனுமதி மட்டுமே என்பதை அவர்களிடமே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தலைவர் சொன்னார் என்பதற்காகக் கையை நீட்டுகிறவர், முதல் காய்ச்சல் வந்த அன்றே தலைவரின் மீதும் உங்கள் மீதும் சேர்த்துச் சினம் கொள்வார்.

தலைவர்களைச் சந்தித்த பிறகு, அவர்களுடைய நிழல் விழாத இடங்களுக்குச் செல்லுங்கள். பெண்கள் தனியாகப் பேசக்கூடிய இடம், இளைஞர்கள் கூடும் இடம், கூலி வேலைக்குச் செல்வோர் திரும்பிவரும் மாலை நேரம் ஆகியவை முக்கியம். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால், பகல் பதினொரு மணிக்கு வேலை இல்லாதவர்களின் கருத்துதான் ஊரின் கருத்தாக உங்கள் அறிக்கையில் பதிவாகும்.

சமூக ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பது இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய பரிசோதனைகளிலும் வழக்கமாகிவிட்டது. எச்.ஐ.வி. ஆய்வுகளில் நோயாளிகளும் அவர்களுக்காகப் போராடியவர்களும் இடம் கேட்டு வாங்கியதிலிருந்து வளர்ந்த முறை இது. வழக்கமாகிவிட்டதாலேயே பல இடங்களில் அது கண்துடைப்பாகவும் ஆகிவிட்டது. தேநீர் கொடுத்து, படம் எடுத்து, தயாராக உள்ள ஆய்வுத் திட்டத்தைப் படித்துக் காட்டி, கைதட்டலோடு முடித்துவிடும் குழுவால் எந்த நம்பிக்கையும் வளராது. குழு உண்மையானதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: அந்தக் குழு சொன்னதால் ஆய்வுத் திட்டத்திலோ ஒப்புதல் படிவத்திலோ மாறிய ஒரு வரியையாவது உங்களால் காட்ட முடிகிறதா? முடியவில்லை என்றால், ஒன்று அவர்கள் பேசவில்லை, அல்லது நீங்கள் கேட்கவில்லை.

உறுப்பினர்களை நிறுவனமே பொறுக்கி எடுப்பதைவிட, ஊரின் வெவ்வேறு குழுக்கள் தங்களுக்குள் ஒருவரைச் சொல்வது நல்லது. எதிர்ப்பாளர் என்று பெயர் எடுத்த ஒருவர் குழுவில் இருப்பது நிறுவனத்துக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் வெளியே கேட்கப்படப் போகும் கேள்விகளை உள்ளேயே கேட்கிறவர் அவர்தான். போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் கொடுங்கள். ஆள் சேர்ப்பதற்கான ஊக்கத்தொகையாக எதையும் கொடுக்காதீர்கள். உறுப்பினர் ஆள் பிடிப்பவராக மாறிய கணமே குழு செத்துவிடும்.

ஊரோடு பேசுவதை எப்போது தொடங்குவது என்பதற்கு ஒரே விடைதான் உண்டு: ஆய்வுத் திட்டத்தை இன்னும் மாற்ற முடிகிறபோது. கம்போடியாவில் 2004ஆம் ஆண்டு பாலியல் தொழிலாளர்களிடம் ஒரு மாத்திரையை எச்.ஐ.வி. தடுப்புக்காகச் சோதிக்கத் திட்டமிடப்பட்டது. அது தடுப்பூசி அன்று என்றாலும் பாடம் ஒன்றே. பக்கவிளைவு வந்தால் பல ஆண்டுகளுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று அந்தப் பெண்களின் சங்கம் கேட்டது. அதற்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரதமரே பரிசோதனையை நிறுத்தினார். அதற்கும், அடுத்த ஆண்டு கேமரூனில் அதே மாத்திரைப் பரிசோதனை நிறுத்தப்பட்டதற்கும் பின்னரே, மக்களை எந்தெந்தக் கட்டத்தில் எப்படிக் கலந்துகொள்ள வேண்டும் என்ற நெறிமுறைகளை ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் ஏவாக் என்ற தன்னார்வ அமைப்பும் சேர்ந்து 2007இல் வெளியிட்டு, 2011இல் திருத்தின. வேறு நோய்களுக்கான ஆய்வுகளிலும் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

ஆய்வின் வடிவமே நம்பிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கினியில் 2015ஆம் ஆண்டு எபோலா கொன்றுகொண்டிருந்த நேரத்தில், சிலருக்குத் தடுப்பூசியும் சிலருக்கு மருந்தில்லாத போலி ஊசியும் போடுவதை எந்த ஊரும் பொறுத்திருக்காது. அங்கே ஆய்வாளர்கள் போலி ஊசியையே பயன்படுத்தவில்லை. புதிய நோயாளி ஒருவரைச் சுற்றியுள்ள உறவினர், அண்டை வீட்டார் ஆகியோரை ஒரு வளையமாகக் கொண்டு, குலுக்கல் முறையில் சில வளையங்களுக்கு உடனேயும் சில வளையங்களுக்கு 21 நாட்கள் கழித்தும் அதே தடுப்பூசியைப் போட்டார்கள். இடைக்கால முடிவு நன்றாக வந்தவுடன் காத்திருக்க வைப்பதையும் கைவிட்டார்கள். உடனே ஊசி பெற்றவர்களில், பத்து நாட்களுக்குப் பிறகு எவருக்கும் எபோலா வரவில்லை என்று இறுதி முடிவு தெரிவித்தது. முந்தைய ஆண்டுதான் அதே நாட்டில் வோமே என்ற கிராமத்தில், எபோலா பற்றி விளக்கச் சென்ற குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், வடிவமைப்பில் காட்டிய அந்த அக்கறையின் அருமை புரியும்.

ஒப்புதல் பெறுதல்

பெரும்பாலான பரிசோதனைகள் இங்கேதான் நம்பிக்கையைச் சம்பாதிக்கின்றன அல்லது தொலைக்கின்றன. பல பக்கங்கள் கொண்ட படிவத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு 'புரிந்ததா?' என்று கேட்டால், புரியாதவரும் தலையாட்டுவார். புரியவில்லை என்று சொல்வது யாருக்கும் கூச்சம்தான். ஆகவே விளக்கத்தைக் குறைந்தது இரண்டு சந்திப்புகளாகப் பிரியுங்கள். முதல் சந்திப்பில் கையெழுத்துக் கேட்காதீர்கள். படிவத்தின் படியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் உள்ளவர்களோடும் அவர்கள் நம்பும் வேறு மருத்துவரோடும் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். திரும்பி வராதவரைத் தேடிப் போகாதீர்கள். வராமையும் ஒரு பதில்தான்.

எழுத்து வடிவத்தை ஊரின் பேச்சுமொழிக்குக் கொண்டுவருவது அவசியம். அதைவிட அவசியமானது, எவை புரிவதில்லை என்று அறிந்திருப்பது. நான்கு செய்திகள் மீண்டும் மீண்டும் நழுவும். இது ஆய்வு, சிகிச்சை அன்று. ஊசி வேலை செய்யுமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. யாருக்கு எந்த ஊசி என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. எந்த நேரத்திலும் விலகலாம், விலகியதால் வழக்கமான மருத்துவ உதவி எதுவும் குறையாது.

மூன்றாவதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். விளக்கம் முடிந்தபின், 'உங்களுக்கு எந்த ஊசி கிடைக்கும் என்று யார் முடிவு செய்வார்கள், சொல்லுங்கள் அம்மா' என்று கேட்கிறீர்கள். 'டாக்டருக்குத் தெரியாதா, என் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதைத்தான் போடுவார்' என்று அவர் நம்பிக்கையோடு பதில் சொல்கிறார். இதைக் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அவர் மருத்துவரை நம்புகிறார்; ஆனால் பரிசோதனையைப் புரிந்துகொள்ளவில்லை. இந்த இடத்தில் மடித்த சீட்டுகள் சிலவற்றை ஒரு பாத்திரத்தில் போட்டு அவரையே எடுக்கச் சொல்லுங்கள். பாதிச் சீட்டுகளில் தடுப்பூசி, பாதியில் மருந்தில்லாத உப்புநீர். எடுத்த சீட்டை அவரும் பிரிக்கக் கூடாது, நீங்களும் பிரிக்கக் கூடாது, மருத்துவரும் பிரிக்கக் கூடாது. ஆய்வு முடியும்வரை அது மடித்தபடியே இருக்கும் என்று சொல்லுங்கள். 'அப்படியென்றால் எனக்கு வெறும் தண்ணீர்கூடக் கிடைக்கலாமா?' என்று அவர் கேட்டால், அப்போதுதான் விளக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது: ஊசி போட்டுக்கொண்டதால் நோய் வராது என்று எண்ணி முன்னெச்சரிக்கையைக் கைவிடலாமா? கைவிடக் கூடாது என்று அவர் வாயாலேயே வர வேண்டும்.

தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய ஆர்வி 144 என்ற எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனை 16,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்தது. புரிதலைச் சோதிக்கும் கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்ன பின்பே அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவ்வளவு பெரிய ஆய்வில் முடிந்தது, சில நூறு பேரைச் சேர்க்கும் ஆய்வில் முடியாது என்று சொல்வதற்கில்லை. விடை தவறினால் அது விளக்கியவரின் தோல்வி என்று கருதி மீண்டும் விளக்குங்கள். கேட்பவரை மாணவரைப்போல் நடத்திவிடாதீர்கள்.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டு அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி பள்ளிச் சிறுமியருக்குப் போடப்பட்டது. உரிமம் பெற்ற தடுப்பூசி என்பதால் இது மருந்துப் பரிசோதனை அன்று, செயல்விளக்கத் திட்டம் மட்டுமே என்று நடத்தியவர்கள் கூறினார்கள். சிறுமியர் ஏழு பேர் இறந்த செய்தி வெளிவந்தபின், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று விசாரணை கூறியது. ஆனால், விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள் என்பது வெளிப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையான அறிக்கை அளித்தது. ஊசி குற்றமற்றது என்று ஆவணம் சொன்னாலும், கையெழுத்து யாருடையது என்ற கேள்விக்கு ஆவணத்தில் பதில் இல்லை. அந்தத் தடுப்பூசியைப் பற்றிய ஐயம் நாட்டில் பல ஆண்டுகள் நீடித்தது. ஒப்புதலை வேறொருவர் தலையில் கட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் கம்மத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். வந்துபோகும் செலவு, இழந்த நாள் கூலி, செலவழித்த நேரம் ஆகியவற்றுக்கு ஈடு கொடுப்பது நியாயம். தொகை நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றதாக இருக்க வேண்டும். வறுமையில் இருப்பவர் ஆபத்தை எண்ணிப் பார்க்காமல் கையை நீட்டும் அளவுக்கு அது பெரிதாகிவிடக் கூடாது. பேருந்துக் கட்டணத்துக்கே போதாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்கக் கூடாது. எவ்வளவு, எப்போது, இடையில் விலகினால் எவ்வளவு என்பதை எழுதி, ஊர் அறியச் சொல்லிவிடுங்கள். கைமாறும் பணம் மறைவாக இருந்தால் ஊர் அதற்குத் தானே ஒரு தொகையைக் கற்பித்துக்கொள்ளும்.

வதந்தியைக் கையாளுதல்

வதந்தியை அறியாமை என்று ஒதுக்குவது களப்பணியாளர்களிடம் பரவலாக உள்ள குணம். அது வேலையைக் கெடுக்கும். பெரும்பாலான வதந்திகளுக்குள் விடை கிடைக்காத நியாயமான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும். இரத்தத்தைப் பற்றிய வதந்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எடுத்த இரத்தத்தை விற்கிறார்கள் என்ற பேச்சு பல நாட்டு ஆய்வுகளில் கேட்டிருக்கிறது. ஆய்வாளரின் கண்ணுக்கு ஐந்து மில்லிலிட்டர் ஒன்றுமே இல்லை. ஆனால் கொடுப்பவருக்குத் தெரிவது, நிரம்பிய குழாய்கள் வரிசையாக ஒரு பெட்டிக்குள் போய், பெட்டி வண்டியில் ஏறி, வண்டி ஊரைவிட்டுப் போவதுதான்.

ஆகவே கூட்டத்துக்குக் குழாயைக் கொண்டு செல்லுங்கள். ஊதா மூடி போட்ட அதே இரத்தக் குழாயில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளவுக் கோடுவரை நிரப்பி, எல்லார் முன்னிலையிலும் ஒரு தேக்கரண்டியில் ஊற்றிக் காட்டுங்கள். ஐந்து மில்லிலிட்டர் ஒரு தேக்கரண்டி. அதோடு நின்றுவிடாமல், ஆய்வு முடியும்வரை ஒருவரிடமிருந்து எடுக்கப்படும் மொத்த இரத்தத்தையும் ஒரு குவளையில் காட்டுங்கள். பின்வரிசையிலிருந்து 'கைக்குழந்தைக்கும் இதே அளவா?' என்று ஒருவர் கேட்பார். கேட்க வேண்டும். குழந்தைகளுக்கான குழாயையும் தனியே எடுத்துச் சென்றிருந்தால் அந்த இடத்திலேயே காட்டலாம். மாதிரி எந்த ஊர் ஆய்வகத்துக்குப் போகிறது, அங்கே என்ன செய்கிறார்கள், மிச்சத்தை என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆலோசனைக் குழுவிலிருந்து இருவரை ஆய்வகத்துக்கே அழைத்துச் சென்று காட்ட முடிந்தால், நூறு துண்டறிக்கைகள் செய்யாத வேலையை அது செய்யும்.

சியரா லியோனின் கம்பியா மாவட்டத்தில் 2015இல் தொடங்கிய எபோலா தடுப்பூசிப் பரிசோதனையில், ஊரோடு தொடர்பில் இருக்க ஒரு குழுவும், மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவனிக்கும் சமூகவியலாளர் குழு ஒன்றும் இருந்தன. காதில் விழுந்த கவலைகள் அவ்வப்போது ஆய்வை நடத்தியவர்களுக்குச் சென்றன. சிறிய ஆய்வில் ஒரு குறிப்பேடே இந்த வேலையைச் செய்துவிடும். என்ன கேட்டது, எங்கே கேட்டது, எந்தத் தேதியில், யார் பதில் சொன்னார், என்ன சொன்னார் என்று எழுதி, வாரம் ஒருமுறை தலைமை ஆய்வாளரோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரே பேச்சு இரண்டு வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்தால் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். யார் சொன்னார் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். அது காவல்துறையின் வேலையாகத் தெரியும்.

ஏதேனும் நேர்ந்துவிட்டால்

ஆயிரக்கணக்கானோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தால், ஊசியோடு தொடர்பே இல்லாத மாரடைப்புகளும் விபத்துகளும் மரணங்களும் அவர்களிடையே நிகழத்தான் செய்யும். இதை ஆய்வு தொடங்கும் முன்பே ஊரில் சொல்லிவைப்பதற்குப் பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் அன்று சொல்லாதவர், முதல் மரணத்துக்குப் பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அதேபோல், பரிசோதனையை இடையில் நிறுத்திப் பார்ப்பது வழக்கமான நடைமுறை என்பதையும், ஆய்வை நடத்துவோரிடமிருந்து விலகி நின்று தரவுகளைப் பார்க்கும் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ஆஸ்ட்ராஜெனகாவும் நடத்திய கொரோனா தடுப்பூசிப் பரிசோதனை, பிரிட்டனில் ஒரு பங்கேற்பாளருக்கு நரம்பு சார்ந்த நோய் தோன்றியதால் 2020 செப்டம்பரில் உலகெங்கும் நிறுத்தப்பட்டது. பிரிட்டனில் சில நாட்களில் மீண்டும் தொடங்கியது; அமெரிக்காவில் மீண்டும் தொடங்க ஆறு வாரங்களுக்கு மேலாயிற்று. நிறுத்துவது என்றாலே பெருங்கேடு என்று எண்ணுகிற ஊரில் அந்த ஆறு வாரங்களும் வதந்தியின் வாரங்களாகவே கழியும்.

சம்பவம் நடந்த நாளில் செய்ய வேண்டியவை சுருக்கமானவை. முதலில் வீட்டுக்குச் செல்லுங்கள், அறிக்கை பிறகு. சிகிச்சைச் செலவு யாருடையது என்று அந்த வீட்டார் ஒரு நிமிடம்கூட யோசிக்கும் நிலையை வைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றும், எந்த நாளுக்குள் தெரியவரும் என்றும் சொல்லுங்கள், அந்த நாளில் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் போய் அதைச் சொல்லுங்கள். 'ஊசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை' என்று விசாரணை முடியும் முன் அறிவிப்பது, பின்னால் அது உண்மை என்றே தெரியவந்தாலும், பூசி மெழுகிய பேச்சாகவே நினைவில் நிற்கும். இழப்பீட்டுக்கான காப்பீடு, அதைக் கோரும் வழி, கோருவதற்கு உதவும் நடுநிலையாளர் யார் என்ற மூன்றும் ஒப்புதல் படிவத்தில் முதலிலேயே இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறவரை வழக்கறிஞர் கடிதத்தால் எதிர்கொள்ளும் நிறுவனம், அவர் ஒருவரை அன்றி, பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாரையும் இழக்கிறது.

கசப்பான செய்தியையும் நேர்மையாகச் சொல்லிவிட முடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த பம்பிலி என்ற எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனை சான்று. அதே தடுப்பூசியை வேறு நாடுகளில் சோதித்த இணை ஆய்வில் பலன் இல்லை என்று 2007இல் தெரிந்ததும் இங்கும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தொற்று அபாயம் கூடியிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்ததால், யார் தடுப்பூசி பெற்றார்கள், யார் போலி ஊசி பெற்றார்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்லி ஆலோசனை வழங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு அதோடு முடிந்துவிடவில்லை. 2016இல் தொடங்கிய அடுத்த பெரும் பரிசோதனையில் 5,400க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

எதிர்மாறான நிலையை ஃபிலிப்பீன்ஸில் காணலாம். அங்கே 2016 முதல் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்கு தடுப்பூசி போடப்பட்டபின், முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று தயாரிப்பாளரே 2017 நவம்பரில் அறிவித்தார். தடுப்பூசிகள் முக்கியமானவை என்று உறுதியாக ஒப்புக்கொண்டோர் 2015இல் 93 சதவீதம். 2018இல் 32 சதவீதம். இந்தச் சரிவு டெங்கு ஊசியை மட்டும் பற்றியது அன்று. எல்லாத் தடுப்பூசிகளையும் பற்றியது.

ஆய்வு முடிந்த பிறகு

கடைசி ஊசிக்குப் பிறகு வண்டியே வராமல் போய்விடுவதுதான் ஊர் மக்கள் சொல்லும் பொதுவான குறை. முடிவை முதலில் பங்கேற்பாளர்களுக்கும், பிறகு ஊருக்கும், அதன் பின்னரே செய்தியாளர்களுக்கும் சொல்லும் வரிசையை முன்கூட்டியே திட்டமிடுங்கள். ஆய்வு முடிந்த 12 மாதங்களுக்குள் முடிவின் சுருக்கத்தைப் பொதுப் பதிவேட்டில் வெளியிட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வலியுறுத்தியது. ஆனால் பதிவேட்டை ஊரில் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. ஊசி பலன் தரவில்லை என்றாலும் கூட்டம் போட்டே சொல்லுங்கள். போலி ஊசி பெற்றவர்களுக்கு, பலன் உறுதியான தடுப்பூசி எப்போது கிடைக்கும் என்பது ஆய்வு தொடங்கும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒன்று.

சில விளைவுகள் ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். எச்.ஐ.வி. தடுப்பூசி பெற்ற சிலருக்கு உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகியிருப்பதால், தொற்று இல்லாதபோதும் வழக்கமான பரிசோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டும். வேலைக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ இரத்தம் கொடுக்கும்போது இது பெரும் அவமானமாக முடியக்கூடும். ஆகவே, தேவைப்படும் காலம்வரை உண்மையான தொற்றைப் பிரித்தறியும் பரிசோதனையை இலவசமாகச் செய்து கொடுக்க ஏற்பாடு வேண்டும். பங்கேற்றதற்கான சான்று அட்டையும் வேண்டும்.

எஞ்சிய இரத்த மாதிரிகளைப் பற்றியும் கணக்குத் தீர்க்க வேண்டும். அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று 1990களில் கொடுத்த இரத்தம், அவர்களுக்குத் தெரியாமல் மனநோயைப் பற்றியும் முன்னோரின் குடிப்பெயர்வைப் பற்றியும் ஆராயப் பயன்பட்டது. 2010இல் ஆய்வை நடத்திய பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து, மாதிரிகளைத் திருப்பித் தர நேர்ந்தது. மாதிரிகளை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பீர்கள், வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தினால் மீண்டும் கேட்பீர்களா, அழித்தால் எப்படித் தெரிவிப்பீர்கள் என்று ஒப்புதல் படிவத்தில் தனிக் கட்டம் வைத்து, அதற்கு மட்டும் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு ஆய்வில் தொடரவும் வழி விடுங்கள்.

கள அலுவலகத்தைக் காலி செய்வதற்கு முன், பங்கேற்பாளர் கையில் உள்ள அட்டையின் தொலைபேசி எண்ணை இனி யார் எடுப்பார், எத்தனை ஆண்டுகள் எடுப்பார் என்பதை எழுத்தில் முடிவு செய்து, அந்தப் பெயரை ஆலோசனைக் குழுவிடமும் உள்ளூர்ச் சுகாதார நிலையத்திடமும் ஒப்படையுங்கள். பிறகு ஒருநாள் வேறொரு எண்ணிலிருந்து அதை அழைத்து, மறுமுனையில் யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.